பண்ணை தாண்டி வந்த நான்கு தட்டுகள்

1990இல் போரால் யாழ்ப்பாணத் தீவகம் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பப் படங்களும் ஒரு றங்குப்பெட்டியில் புளியங்கூடலை விட்டுப் போயின. மூடியின் உட்புறத்தில் அப்பு வெள்ளைப் பெயின்ற்றால் பெயரும் ஊரும் எழுதியிருந்தார். பெட்டி எத்தனையோ வீடு மாறியும், யாருடையது என்று ஒருவரும் கேட்க வேண்டி வரவில்லை.

அந்தப் படங்களை ஸ்கேன் செய்து வைக்கத்தான் நான்கு வன்தட்டுகள் வாங்கினேன். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை வழியே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை கொண்டு நான்கையும் ஒரே களஞ்சியமாக்கினேன். ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றிலிருந்து எல்லாவற்றையும் மீட்கலாம். ஆனால் லினக்ஸ் கொடுத்த எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களிலேயே அதைக் கட்டிவிட்டேன். கணினி கண்டுகொண்ட வரிசைக்கு வைத்த பெயர்கள் அவை. தட்டுகளுக்குச் சொந்தமானவை அல்ல.

ஒரு மாரி மின்னலில் மதர்போர்ட் எரிந்துபோனது. புதியதில் கேபிள்கள் இடம் மாறின. கூடுதலாகப் போட்ட ஒரு தட்டு எஸ்டிஏ ஆகிவிட்டது. களஞ்சியம் திறக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைகொடுத்தது தட்டுகளுக்குள்ளேயே இருந்த எழுத்து. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மாத்யூ ஆரன்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கிய வேலை இசட்எஃப்எஸ். அது ஒவ்வொரு தட்டிலும் 256 கிலோபைட் லேபிளை நான்கு பிரதியாக எழுதுகிறது. இரண்டு தொடக்கத்தில், இரண்டு கடைசியில். ஒரு முனை தவறுதலாக அழிந்தாலும் மறுமுனை பேசும். எந்தக் களஞ்சியம், அதில் எந்தத் தட்டு என்பதற்கான அடையாள எண்கள் அதில் இருக்கும். களஞ்சியத்தை எக்ஸ்போர்ட் செய்து, லினக்ஸ் தரும் பை-ஐடி பெயர்களால் மறுபடி இம்போர்ட் செய்தேன். நான்கும் வந்து சேர்ந்தன.

பை-ஐடி பெயரில் தட்டின் மொடலும் சீரியல் எண்ணும் இருக்கும். பின்னர் ஒரு தட்டு பழுதானபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அந்த நிலையில் நல்ல தட்டொன்றைத் தவறிக் கழற்றினால் களஞ்சியமே நின்றுவிடும். எண் அச்சிட்ட ஸ்டிக்கரோ தட்டின் மேல்முகத்தில், கணினிப் பெட்டிக்குள் மறைந்திருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, டோர்ச் அடித்துத் தேடினேன். இப்போது விளிம்பில் ஒட்டிய டேப்பில் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள் இருக்கின்றன. மை வேர்வையில் பரவியதால் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

தட்டைக் கணினிக்குள் பூட்டும் முன்பே அந்த எழுத்துகளை எழுதி ஒட்டிவிடுங்கள்.