மேப்பை யார் வரையணும்?

எங்க ஏரியூர்ல இருந்து நாகமரைக்குப் போனா மேட்டூர் நீர்த்தேக்கம். 1934-ல் அணை கட்டி முடிஞ்சதும் முழுகின ஊர்கள் அதுக்கு அடியில இருக்கு. போன் மேப்ல வெறும் நீலம்தான். ஆனா எங்க தாத்தா, அவர் அப்பா சொன்னதை வெச்சே அந்தத் தெருக்களை மண்ணுல குச்சியால வரைவார்.

பழைய ஆர்பிஜி கேம்களும் அப்படித்தான். 1981-ல் வந்த ‘விசார்ட்ரி’யில் 10 தளம், ஒவ்வொண்ணும் 20க்கு 20 கட்டம். கேம் மேப் போட்டுத் தராது; கட்டம்போட்ட தாள்ல நாமதான் வரையணும். 1988-ல் வந்த ‘பார்ட்ஸ் டேல் 3’ தானே வரைஞ்சு கொடுத்தது. 2007-ல் ‘எட்ரியன் ஒடிசி’ பேனாவைத் திரும்ப நம்ம கையில கொடுத்து, தொடுதிரையில் வரையச் சொன்னது. 2012-ல் ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’, மேப் வேணுமா வேண்டாமான்னு தொடக்கத்துலயே நம்மகிட்ட விட்டது.

எனக்கு இதுதான் சரின்னு படுது. வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம் விளையாடுறவருக்கு மேப் வேணும். அதே சமயம், வேண்டாம்னு சொல்ற வழியும் இருக்கணும். நான் தாள்ல வரைஞ்ச ‘விசார்ட்ரி’ முதல் தளம் இன்னும் மனப்பாடம். போன் காட்டிப் போன வழி மறுநாளே மறந்துடுது. தாத்தாவுக்கு அந்தத் தெருக்கள் மறக்காததும் அவரே வரைஞ்சதாலதான்.