பிள்ளையார் சிலை உடைப்பு வழக்கு (1953–1958)

1953 மே 27 மாலை, திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் ஈ.வெ.ரா. பிள்ளையார் உருவம் ஒன்றைக் கூட்டத்தின் முன் உடைத்தார். முன்பே அறிவித்துச் செய்த செயல் அது; ஒளிவுமறைவு இல்லை. சைவர் ஒருவர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 295, 295ஏ பிரிவுகளின்கீழ் புகார் கொடுத்தார்.

வழக்கு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியது: உடைபட்டது ‘புனிதமாகக் கருதப்படும் பொருளா’, வெறும் மண் பொம்மையா? பூசை முடிந்ததும் பிள்ளையாரைக் கைவிடுவது வழக்கம்தானே என்று சுட்டிக்காட்டி, மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளினார். சாமர்த்தியமான வாதம்தான், ஆனால் கரைத்து வழியனுப்புவதும் போட்டு உடைப்பதும் பக்தருக்கு ஒன்றல்ல. செஷன்ஸ் நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் மாஜிஸ்திரேட் முடிவையே ஏற்றன.

1958 ஆகஸ்ட் 25 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றோடு முரண்பட்டது. கோயிலில் பிரதிஷ்டை செய்யாத பொருளும் புனிதமானதாக இருக்கலாம். அந்த நம்பிக்கை பகுத்தறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்றது. கடவுள் மறுப்பைப் பேசும் உரிமையின் எல்லை எதுவென்ற பெரிய கேள்வியைத் தீர்ப்பு தொடவில்லை என்பது ஏமாற்றமே. ஐந்தாண்டு கடந்துவிட்டதால் மறுவிசாரணைக்கு உத்தரவிடாமல் மேல்முறையீடு தள்ளுபடியானது. பெரியாருக்குத் தண்டனை இல்லை. 295ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 298ஆக நீடிக்கிறது.