டாக்டர் ஹூவும் எங்க ஊர் வெடிச்சத்தமும்

ஆனைக்குட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு டாக்டர் ஹூ பத்தி எழுதறானேன்னு சிரிக்காதீங்க மக்களே. 1963ல் பிபிசி தொடங்கிய தொடர். அந்த வருஷமே வந்த எதிரிகள் டாலெக்குகள். அவற்றை உருவாக்கிய டெர்ரி நேஷன், சின்ன வயசில் கார்டிஃபில் ஜெர்மன் குண்டுவீச்சைப் பார்த்தவர். நாஜி வாடை அடிப்பது சும்மா இல்லை.

ஆனா நாயகனுக்கே போர்க்காயம் வந்தது 2005ல்தான். காலப்போரை முடிக்க டாலெக்குகளோடு தன் சொந்தக் கிரகத்தையும் அழித்தவன்... மிஞ்சியது தான் மட்டும்னு நினைக்கிறவன். மிச்சமிருக்கும் ஒரு டாலெக்கைப் பார்த்ததும் எக்கிள்ஸ்டன் கத்துவாரே, அப்பப்பா!

2013ல், கிரகம் அழியவேயில்லை, அவனே காப்பாத்திட்டான்னு மாத்திட்டாங்க. எனக்கு ஒப்பலை. பட்டாசு ஆலை விபத்துல தப்பிச்ச எங்க தெரு அண்ணன் ஒருத்தர் இன்னிக்கும் தீபாவளிக்கு ஊர்ல இருக்கமாட்டார். கூட வேலை பார்த்தவங்க திரும்பலை. அவர்கிட்ட இந்த முடிவை எப்படிச் சொல்றது?