பெட்டியடிப் பையனின் மூன்று வருடம்

பதின்மூன்று வயதுப் பையன் தொழில் பழகக் கடல் கடந்து போகிறான் என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது கால்பந்துதான். லியோனல் மெஸ்ஸி அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போன 2000ஆம் ஆண்டில் அவருக்கு அந்த வயதுதான். செட்டிநாட்டுக்கு இது புதிய செய்தி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, அங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தாரிடையே (செட்டியார்களிடையே), இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களிலும் மற்ற எட்டு நகரக் கோயில்களைச் சேர்ந்த குடும்பங்களிலும் மீசை அரும்பாத பையன்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சைகோனுக்கும் புறப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். கொண்டுவிற்கப் போவது என்று ஊரில் அதற்குப் பெயர். அந்த வயதில், மொழி தெரியாத ஊரில், அவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்று கேட்டால், வணிகம் அவர்கள் ரத்தத்திலேயே இருந்தது என்ற பதில்தான் வழக்கமாகக் கிடைக்கும். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ரத்தம் யாருக்கும் பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்ததில்லை. அந்தப் பையன்களைத் தாங்கி நிறுத்தியது அவர்களுக்கு முன்னால் போனவர்கள் கட்டி வைத்திருந்த ஓர் ஏற்பாடு. உலகக் கால்பந்து தன் இளம் ஆட்டக்காரர்களுக்காக மிகப் பிந்தி எழுதிக்கொண்ட விதிகளில் பலவற்றை அந்த ஏற்பாட்டில் முன்கூட்டியே காணலாம்.

திறமை மட்டும் போதாது என்பதற்குக் கால்பந்திலேயே ஒரு சான்று உண்டு. 1936இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியைச் சேர்ந்த முகமது சலீம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் அணிக்குப் போனார். பூட்ஸ் அணியாமல், காலில் துணிக்கட்டுடன் அந்த அணியின் இரண்டாம் வரிசைக்காக இரண்டு பந்தயங்கள் ஆடினார். இரண்டிலும் அணி வென்றது. ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. ஆனாலும் அவர் அங்கே தங்கவில்லை. ஊர் நினைவு தாளாமல் கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார். துணைக்கு ஓர் உறவினர் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் பண்டிகைக்கும் ஒரு கூட்டம் இல்லை. இத்தனை வருடத்தில் திரும்பி வரலாம் என்று சொல்லும் ஒப்பந்தமும் இல்லை. சலீமிடம் இருந்த திறமையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத செட்டிநாட்டுப் பையன்கள் அதே 1936இல் ரங்கூனிலும் ஈப்போவிலும் தங்கள் தவணையை முடித்து வந்தார்கள்.

அந்த ஏற்பாட்டின் வேர் ஊரில் இருந்தது. திருப்பத்தூர் வட்டத்தில், கீழச்சிவல்பட்டிக்கு அருகிலுள்ள இளையாத்தங்குடியின் கைலாசநாதர் கோயிலை நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் முதலாவதாக எண்ணுகிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்தபோது முதலில் குடியேறிய இடம் இதுதான், மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று மற்றக் கோயில்கள் பின்னால் பிரிந்தவை என்பது அவர்கள் மரபு. இந்த ஒரு கோயிலுக்குள்ளேயே ஒக்கூருடையார், பெருமருதூருடையார், கழனிவாசற்குடியார் என்று ஏழு பிரிவுகள். ஒரு பையனுக்குக் கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். அதன் பிறகு அவன் குடும்பம் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறும். புள்ளி வரி கட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சடங்கு. வணிகத்தின் பக்கமிருந்து பார்த்தால், ஒவ்வொரு குடும்பமும் யாருடையது, எந்த ஊர், யாருக்குக் கட்டுப்பட்டது என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வைத்த பதிவேடு இது. பல நூறு கல் தொலைவில், கடலுக்கு அப்பால், ஆயிரக்கணக்கான ரூபாய் இருக்கும் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறுவனை உட்கார வைக்கும் முதலாளிக்கு வேறு எந்தப் பிணை வேண்டும்? பையன் தவறினால் அவமானம் ரங்கூனோடு நிற்காது. கோயிலுக்கும், பெண் கொடுக்க வருகிறவர் காதுக்கும் அது வந்து சேரும்.

பயிற்சி திண்ணைப் பள்ளியில் தொடங்கியது. எண்சுவடியை மனப்பாடம் செய்த பையனுக்கு அரைக்கால், மாகாணி தொடங்கி முந்திரி என்ற முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரைக்கும் வாயாலேயே பெருக்கத் தெரியும். அதன் பிறகு கடை. பெட்டியடிப் பையன் என்ற முதல் படியில் அவன் பணப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்துகொண்டு, வருகிறவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். பர்மியமோ மலாயோ சிங்களமோ அவன் காதில் ஏறியது அந்த இடத்தில்தான். குறிப்பெழுதவும் பேரேட்டில் பற்றுவரவைப் பிரித்துப் போடவும் ஐந்தொகை எடுக்கவும் பழகிய பிறகு அடுத்தாள். வசூலுக்குப் போய் வந்து, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற கணிப்பும் வந்த பிறகு மேலாள். அவர்தான் கடையையே பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்டு. ஒவ்வொரு படிக்கும் இடையில் ஊருக்கு வந்து போகும் இடைவெளி உண்டு. இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க யாரையும் எளிதில் விடமாட்டார்கள். ஐரோப்பியக் கால்பந்து அணிகளில் வயதுவாரியாக அணி பிரித்து, பந்து பொறுக்கிப் போடும் வேலையிலிருந்து முதல் அணி வரை பையனை ஏற்றிக்கொண்டு போகும் முறை இதற்கு மிக நெருங்கியது.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி அது. கடைக்குப் போகிறவருக்கும் முதலாளிக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை பெரும்பாலும் மூன்று வருடம். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படுவதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். வீட்டுச் செலவும் சில்லறைக் கடனும் அதில் தீரும். தவணை முடிவில் புதிய ஆளிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். லாபத்தைப் பொறுத்து ஏஜெண்டுக்கு ஒரு பங்கும் உண்டு. இப்போது உலகக் கால்பந்து சங்கமான ஃபிஃபாவின் விதிகளைப் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஆட்டக்காரரோடு மூன்று ஆண்டுக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போடக் கூடாது என்கின்றன அவை. இரண்டிலும் எண் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். காரணம் மட்டும் தற்செயல் இல்லை. வளரும் வயதில் மூன்று வருடத்துக்குமேல் ஒருவனைக் கட்டிப்போட்டால் அவன் மதிப்பு முழுவதும் கட்டியவனுக்கே போய்விடும். மூன்று வருடத்தில் விடுவித்தால், கற்ற தொழிலைக் காட்டி அவன் அடுத்த சீட்டில் கூடுதல் சம்பளம் கேட்கலாம். வேறு கடைக்கும் போகலாம். பழைய முதலாளியின் பணத்தையே வட்டிக்கு வாங்கித் தனிக்கடை வைக்கலாம். அப்படி வைத்துத் தாமே முதலாளியானவர்கள் செட்டிநாட்டில் பல ஊர்களில் உண்டு.

ஏற்பாட்டின் அடுத்த தூண் கிட்டங்கி. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கின் பினாங்குத் தெருவிலும் நீண்ட கூடங்களில் ஒரு கடைக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு அலமாரி, கொஞ்சம் தரை என்று பிரித்துக்கொண்டு பல கடைக்காரர்கள் அருகருகே தொழில் செய்தார்கள். பகலில் கடை, இரவில் அதே இடத்தில் பாய். சமையல் பொதுவில் நடக்கும். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயிலைப் போல, கிட்டங்கி இருந்த ஊர்களில் முருகன் கோயிலும் இருந்தது. ரங்கூனில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்ததும் கோயிலில்தான். பையனுக்கு இதில் இரட்டை நன்மை. இட்லி, குழம்பு, தமிழ்ப் பேச்சு, தைப்பூசம் எல்லாம் கிடைத்ததால் மனம் ஒடியவில்லை. பத்துக் கடைக்காரர்கள் பார்வையில் வேலை செய்ததால் கையும் நீளவில்லை. பார்சிலோனா அணி 1979இல் ஒரு பழைய பண்ணைவீட்டை வெளியூர்ப் பையன்கள் தங்கும் விடுதியாக மாற்றி லா மாசியா என்று பெயரிட்டது. ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் முன் பையனுக்கு ஒரு வீடு வேண்டும் என்று அந்த அணி கண்டுகொண்டது கிட்டங்கிகளுக்கு மிகப் பின்னால்.

இவர்கள் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், இதில் தொழில்முறை எங்கே வந்தது என்று கேட்கலாம். 1930ஐ ஒட்டி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அந்த மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். இத்தனை கடைகளுக்கும் சொந்தப் பிள்ளைகள் போதமாட்டார்கள். வசதி குறைந்த பங்காளிகளும் தாய்வழி உறவினரும் ஊர்க்காரரும் சம்பளத்துக்குத்தான் போனார்கள். முதலாளி வீட்டுப் பையனைக்கூட முதலில் வேறொருவர் கடையில் வேலை பழக விடும் வழக்கம் இருந்தது. தவணை முடிவில் வரும் ஐந்தொகை யார் பிள்ளை என்று பார்க்காது. சாதிக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது என்பது வேறு விஷயம். அதை மறுக்க முடியாது. கோயிலைப் பிணையாக வைத்த ஏற்பாடு, அந்தக் கோயிலைச் சேராதவரை நம்ப வழி தெரியாமல் நின்றது. அதன் பலமும் குறையும் ஒரே இடத்தில் இருந்தன. ஆனால் கடலுக்கு அப்பால் போய்த் தொழில் பழகும் பழக்கம் அந்தச் சீமையில் சாதிக்குள் அடங்கி நிற்கவில்லை. சிங்கம்புணரியில் பிறந்த நாவலாசிரியர் ப. சிங்காரம் 1938இல் பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மேடான் நகரத்து வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனவர். அவர் நகரத்தார் இல்லை. அவர் போன கடையின் முதலாளி பிள்ளைமார் சாதிக்காரர். பின்னால் சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டிலும் வரும் கடைப்பையன்களின் உலகம் எந்த அறிக்கையைவிடவும் துல்லியமானது.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. இது குழந்தைத் தொழில் இல்லையா? 2001 முதல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை நாடு மாற்றி ஒப்பந்தம் செய்வதைச் சில விதிவிலக்குகள் தவிர ஃபிஃபா தடுத்துவிட்டது. அந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவே 2014இல் தண்டனைக்கு உள்ளானது. இன்றைய அளவுகோலில் பெட்டியடிப் பையனின் பயணம் நிச்சயமாகத் தவறுதான். அவன் பள்ளிப் படிப்பை இழந்தான். கல்யாணமாகிச் சில மாதங்களில் கப்பலேறியவன் தன் முதல் குழந்தையை அது நடக்கத் தொடங்கிய பிறகே பார்த்தான். அந்த மூன்று வருடங்களையும் வளவில் தனிக்குடித்தனமாக வேறு வைத்த பகுதியில், தனி அடுப்பில், தனியாகத் தாங்கியவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிகள்; இந்த ஏற்பாட்டின் செலவில் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் அவர்களே, எந்தப் பேரேட்டிலும் அது ஏறவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்றைச் சொல்ல முடியும். அதே கப்பல்களின் கீழ்த்தட்டில் மலாயாத் தோட்டங்களுக்கும் பர்மா துறைமுகங்களுக்கும் கங்காணிகளும் மேஸ்திரிகளும் அழைத்துப் போன தமிழ், தெலுங்குப் பையன்களுக்குக் கெடு முடிந்து திரும்பும் உறுதி கிடைக்கவில்லை, தொழிலில் ஏறிப் போகும் படியும் இல்லை. வயது இருவருக்கும் ஒன்று. வேறுபட்டது சீட்டு.

பர்மிய விவசாயியின் இடத்திலிருந்து பார்த்தால் இந்த வரலாறு இப்படி ஒளிராது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது. அந்த நெல்லுக்குக் கடன் கொடுத்தவை செட்டியார் கடைகள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் அடமான நிலங்கள் கடைக்காரர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் ஆறு சதவீதம், 1938இல் இருபத்தைந்து சதவீதம். நிலத்தைத் தேடி அவர்கள் போகவில்லை, கடன் திரும்பாததால் வந்து சேர்ந்தது என்பது சரி. நிலத்தை இழந்தவனுக்கு அந்த விளக்கம் ஆறுதலாகியிருக்காது. இங்கேதான் ஏற்பாட்டின் உண்மையான ஓட்டையைக் காண்கிறேன். மூன்று வருடச் சீட்டும் கிட்டங்கியும் பையனை எவ்வளவு நன்றாகப் பாதுகாத்தனவோ அவ்வளவுக்கு அவனை அந்த மண்ணிலிருந்து ஒதுக்கியும் வைத்தன. ஊரை மறக்காமல் இருக்கப் பழகியவன், இருக்கும் ஊரோடு உறவு கொள்ளப் பழகவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது அவனுக்காகப் பேச அங்கே அதிகம் பேர் இல்லை; 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தபோதும் இல்லை. பழைய வழியின் தளர்ச்சியை முன்பே உணர்ந்தவர்களும் உண்டு. மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார்.

இந்த வரலாற்றை எழுத வேண்டிய சான்றுகள் அரசாங்க ஆவணக் களரியில் கொஞ்சம்தான் இருக்கின்றன. மீதி செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் சம்பளச் சீட்டாகவும் பேரேடாகவும் ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டாகவும் கிடக்கின்றன. வீடுகள் இடிபடும்போது தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. காகிதம் எடைக்குப் போகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த அச்சு நூல்கள் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைத்திருப்பதே ஒருவர் எடைக்குப் போடாமல் காத்ததால்தான். உங்கள் வீட்டில் பெட்டியடிப் பையனாகப் போன ஒருவரின் சீட்டோ கடிதமோ இருந்தால், அதைப் படியெடுத்து இப்படிப்பட்ட நூலகம் ஒன்றுக்குக் கொடுங்கள். அடுத்த முறை வீட்டை ஒதுக்கும்போது முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.