தாடையில் வீங்கிய நோய்: பர்கிட் லிம்ஃபோமா கண்டுபிடிக்கப்பட்ட கதை

1/ குழந்தைக்குத் தாடை வீங்கி பல்லு ஆடுதுன்னா "சொத்தைப் பல், சீழ் கட்டியிருக்கு"னுதான் நினைப்போம். பெரும்பாலும் அதுவே சரி. ரொம்ப அபூர்வமா அது லிம்ஃபோமாவா, அதாவது நிணநீர்ப் புற்றுநோயா இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு இழை.

2/ 1957. உகாண்டாவின் கம்பாலா நகர், முலாகோ மருத்துவமனை. டாக்டர் ஹ்யூ ட்ரோவெல், 5 வயசுப் பையன் ஒருத்தனைப் பார்க்கச் சொல்லி சர்ஜன் டெனிஸ் பர்கிட்டைக் கூப்பிட்டார். மேல்தாடை, கீழ்தாடை, இடது, வலதுன்னு நாலு பக்கமும் வீக்கம். சீழ்க்கட்டி ஒரே நேரத்துல நாலு இடத்துல வருமா? பர்கிட்டுக்கு விடை தெரியல.

3/ சில வாரம் கழிச்சு ஜிஞ்சா ஊர் மருத்துவமனைக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியா பார்த்தா, வெளியே அம்மாவோட உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தைக்கும் அதே மாதிரி முகம். போய்ப் பரிசோதிச்சார். அவளுக்கு வயித்துலயும் கட்டி இருந்தது.

4/ முலாகோவின் பழைய பதிவுகளைப் புரட்டினார். தாடைக் கட்டி வந்த பல குழந்தைகளுக்கு சிறுநீரகம், கல்லீரல், சினைப்பையிலும் கட்டி. அதுவரை தனித்தனி நோயா எழுதி வெச்சிருந்தாங்க. எல்லாம் ஒரே நோய்னு பர்கிட் சேர்த்துப் பார்த்தார். 1958ல் கட்டுரை வெளிவந்தது. அதில் அவர் இதை 'சார்கோமா'ன்னுதான் எழுதினார். அடுத்த சில வருஷத்துல திசுக்களை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்த ஓ'கானர் முதலான நோயியல் மருத்துவர்கள், இது லிம்ஃபோமான்னு உறுதி செஞ்சாங்க.

5/ 1961ல் ரெண்டு டாக்டர் நண்பர்களோட பழைய ஃபோர்டு வண்டியில கிளம்பி, ஊர் ஊரா மருத்துவமனைகள்ல விசாரிச்சார். சுமார் 16,000 கிலோமீட்டர் பயணம்! வெப்பமும் மழையும் அதிகமான, மலேரியா பரவலா இருக்கிற பகுதிகள்லதான் இந்த நோய் இருந்தது.

6/ அதே வருஷம் லண்டனில் பர்கிட் பேசியதைக் கேட்டவர் ஆண்டனி எப்ஸ்டீன். உகாண்டாவுல இருந்து வந்த கட்டித் திசுக்களை ஆராய்ந்து, 1964ல் அச்சாங், பார் ஆகியோரோட சேர்ந்து ஒரு வைரஸைக் கண்டுபிடிச்சார். அதுதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ். பயப்படாதீங்க, இது உலகத்துல பெரும்பாலான பெரியவங்க உடம்புல சும்மா இருக்கிற வைரஸ். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு, திரும்பத் திரும்ப வந்த மலேரியாவும் இதோட சேர்ந்துகிட்டது.

7/ இந்தக் கட்டி ஓரிரு நாள்லயே ரெண்டு மடங்காகும் வேகம் கொண்டது. அதனால ஒவ்வொரு நாளும் முக்கியம். நல்ல செய்தி: கீமோதெரபிக்கு நல்லாக் கேட்கும். சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலான குழந்தைகள் குணமாகிடுவாங்க.

8/ ஆப்பிரிக்காவுல பார்த்த அந்த வகை நம்ம ஊர்ல அரிது. ஆனா வாயில வேற வகை லிம்ஃபோமா பெரியவங்களுக்கும் வரும், குறிப்பா எச்.ஐ.வி. தொற்று உள்ளவங்களுக்கு. கவனிக்க வேண்டியவை:
• சொத்தையே இல்லாம பல் ஆடுறது
• மாத்திரை முடிஞ்சும் வத்தாத வீக்கம்
• பல் பிடுங்கின குழி ஆறாம சதை வளர்றது
• கீழ் உதடு மரத்துப் போறது
• கூடவே கழுத்துல நெறிகட்டி, காய்ச்சல், எடை குறையுறது, வயிறு வீக்கம்

9/ இப்படி இருந்தா பயாப்ஸி அவசியம். "கத்தி பட்டா பரவிடும்"ங்கிறது பொய். திசுவை எடுத்துப் பார்க்காம இது எந்த வகைன்னு சொல்ல முடியாது, வகை தெரியாம சரியான மருந்து கொடுக்க முடியாது. அதுக்கு முன்னாடி வீக்கம் வத்தட்டும்னு ஸ்டீராய்டு மாத்திரை நீங்களா வாங்கிப் போடாதீங்க. கட்டி தற்காலிகமா சுருங்கி, பயாப்ஸியில் நோயே தெரியாமப் போயிடலாம்.

10/ பல் டாக்டர்கிட்ட போகும்போது குழந்தைக்கு வயிறு வீங்கியிருந்தா, காய்ச்சல் இருந்தா அதையும் சொல்லுங்க. பல்லுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுடாதீங்க.