பித்தளையில் மறைந்திருக்கும் ஆவி

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களில், ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்த பித்தளைப் பாத்திரம் ஒன்றேனும் இருக்கும். குடமோ, தவலையோ, குத்துவிளக்கோ, ஏதோ ஒன்று. அதைப் புளி கொண்டு தேய்க்கும்போது கறுத்த பரப்பு பொன்னிறம் பெறுகிறது. கை தவறிக் கீழே விழுந்தால் அதே குடம் ஒடுங்கிப் போகிறது. "இவற்றில் எது பௌதிக மாறுதல், எது இரசாயன மாறுதல்?" என்று ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கேட்டால், நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம்.

பழைய நிலைக்கு மீட்கக் கூடியது பௌதிக மாறுதல், மீட்க முடியாதது இரசாயன மாறுதல் என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். பனிக்கட்டி உருகினால் மீண்டும் உறைய வைக்கலாம். விறகு எரிந்தால் சாம்பலை விறகாக்க முடியாது. இந்த அளவில் அந்த விதி சரியாகவே தோன்றுகிறது. ஆயினும் அது எல்லா இடத்திலும் நிற்குமா? நம் வீட்டுப் பித்தளையின் பூர்வகதையே இதற்கு விடை கூறும். அக்கதையைத் தேடி நாம் இராஜஸ்தானத்துக்குச் செல்ல வேண்டும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஆனால் துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்க அறியும் முன்பே மனிதன் பித்தளை செய்துவிட்டான். செம்புத் துண்டுகளையும், துத்தநாகம் அடங்கிய கனிமத்தையும், கரியையும் மூடிய மூசையில் இட்டுக் காய்ச்சினான், செம்பு பித்தளையாயிற்று. செம்புக்குள் புகுந்த பொருள் யாது என்பதை அவன் கண்ணால் கண்டதில்லை.

காணாமைக்குக் காரணம் உண்டு. துத்தநாகம் 419 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருகும்; 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அதன் கனிமத்திலிருந்து கரியின் துணையால் உலோகத்தைப் பிரிக்கவோ ஏறத்தாழ 1,000 டிகிரி சூடு வேண்டும். ஆகவே அது பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது. செம்பும் ஈயமும் உலையின் அடியில் உருகித் தங்கும். துத்தநாகமோ புகையோடு புகையாக மேலெழுந்து, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, வெண்பொடியாகிவிடும். உலை திறந்திருக்கும் வரை உலோகம் கையில் அகப்படாது.

இந்த ஆவியைப் பிடித்து அடக்கியவர்கள் ஜாவர் மக்கள். உதயப்பூருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஆரவல்லி மலைகளுக்கு இடையே உள்ளது ஜாவர். அங்குச் சுரங்கத் தொழில் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. சுரங்கத்தில் பாறையைத் தீயிட்டுச் சுட்டுப் பிளந்தனர், கனிமத்தைப் பொடித்தனர். இவை இரண்டும் பௌதிக மாறுதல்கள். உருவம் சிதைந்ததேயன்றிப் பொருள் மாறவில்லை. அடுத்து அப்பொடியை வறுத்தனர். கனிமத்திலிருந்த கந்தகம் காற்றோடு கூடி, மூச்சை அடைக்கும் புகையாய் வெளியேறிற்று; எஞ்சியது துத்தநாக ஆக்ஸைடு. இங்கே பொருளே மாறிவிட்டது. இது இரசாயன மாறுதல்.

அதன் பின்னரே அவர்களுடைய சாமர்த்தியம் முழுமையாக விளங்குகிறது. வறுத்த பொடியைக் கரிப்பொருளோடு கலந்து, கத்தரிக்காய் வடிவான மண்மூசைகளில் நிரப்பி, நடுவே ஒரு குச்சியைச் செருகினர். மூசையின் வாயில் நீண்ட மண்குழலைப் பொருத்திக் களிமண்ணால் பூசி, உலையில் தலைகீழாக நிறுத்தினர். ஓர் உலைக்கு 36 மூசைகள். கவிழ்க்கும்போது சரக்குச் சரியாமல் காத்தது அந்தக் குச்சி; சூட்டில் அது கரிந்த பின்பு, ஆவி இறங்குவதற்கு வழியும் அதுவே ஆயிற்று. மேலே நெருப்பு, துளையிட்ட தட்டுக்குக் கீழே குளிர்ந்த அறை. மூசைக்குள் கரி பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ள, துத்தநாகம் ஆவியாய் விடுபட்டது: இது இரசாயன மாறுதல். அந்த ஆவி குழல் வழியே கீழிறங்கிக் குளிர்ந்து, திரவமாகி, பின்பு உறைந்தது: இது பௌதிக மாறுதல்.

இப்போது நம் பழைய விதியைச் சோதித்துப் பார்ப்போம். துத்தநாகம் எரிந்து வெண்பொடியாவது இரசாயன மாறுதல். ஆயினும் அவ்வெண்பொடியைக் கரியோடு காய்ச்சினால் துத்தநாகம் மீண்டும் கிடைக்கிறது. மாறாக, மலையைப் பிளந்து பொடியாக்கியது பௌதிக மாறுதல். அந்த மலையை மீண்டும் நிறுத்துவார் எவருமில்லை. ஆகவே மீட்க முடியுமா என்பது உரைகல் அன்று. புதிய பொருள் ஒன்று தோன்றியதா என்பதே உரைகல். குடம் ஒடுங்கினாலும் பித்தளை பித்தளையே. அது பௌதிக மாறுதல். பாத்திரத்தின் கறுப்பைப் புளியின் அமிலம் வேறு பொருளாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. அது இரசாயன மாறுதல்.

சுமார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ரஸரத்ன ஸமுச்சயம்' என்னும் வடமொழி நூல் இத்தகைய கத்தரிக்காய் மூசையைக் குறிப்பிடுகிறது. ஐரோப்பாவில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் துத்தநாகத்தைக் காய்ச்சி வடிக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1738-இல்தான். அவருடைய முறையிலும் ஆவி கீழ்நோக்கியே இறங்கிற்று. கீழை நாடுகளிலிருந்து சென்ற இவ்வுலோகத்தை அக்கால ஐரோப்பிய வணிகர் 'டூட்டனேக்' என்று அழைத்தனர். அச்சொல்லின் மூலத்தை ஆராய்ந்தோர் சுட்டும் இந்தியச் சொற்களில் நம் 'துத்தநாகமும்' ஒன்று.

போர்களும் பஞ்சமும் மேவாரை அலைக்கழித்த காலத்தை ஒட்டி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவர் உலைகள் அணைந்தன. தந்தையிடமிருந்து மகன் கைப்பழக்கமாய்ப் பெற்றுவந்த தொழில், உலை அணைந்ததும் கைவிட்டுப் போயிற்று. 1983-இல் பிரிட்டிஷ் மியூசியமும், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகமும், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனமும் கூடி நடத்திய அகழாய்வில், மூசைகள் இருந்த இடத்திலேயே நிற்கும் உலைகள் வெளிப்பட்டன. அவற்றைக் கொண்டே செய்முறையைத் திரும்பவும் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பயன்பட்டுத் தேய்ந்த மூசைகளை அடுக்கிக் கட்டிய வீட்டுச் சுவர்கள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்திய தொழிலாளரின் பெயர்களோ நமக்கு எட்டவில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் நாள் கழிக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அயல் மாநிலப் பள்ளியில் நம் பிள்ளைகள் வேறு மொழியில் விஞ்ஞானம் கற்கின்றனர். அந்த அறிவு வீட்டு மொழியில் ஒருமுறையேனும் பேசப்படாவிட்டால், தாயும் மகனும் ஒரே பித்தளைக் குடத்தை வெவ்வேறு பொருளாகக் காண்பர். அடுத்த முறை குடத்தைத் தேய்க்கும்போது பிள்ளையை அருகே அழைத்துக் கேட்போம்: "இங்கே புதிய பொருள் தோன்றியதா?" விடையை அவன் தமிழில் கூறட்டும்.