கூட்டெனாய் பெல்லி

வட அமெரிக்கப் பழங்குடியினர் வரலாற்றைக் கற்போர் ஸ்போக்கேன் கேரியை நன்கறிவர். 1892ஆம் ஆண்டுவரை வாழ்ந்து, தன் மக்களின் நிலவுரிமைக்காக வாதாடிய தலைவன் அவன். அவனோடு ஒரே பள்ளியிற் பயின்ற கூட்டெனாய் பெல்லியை அறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும், வேற்று மக்கள் நடுவில் வாழ நேர்ந்த ஒருவன் பெறுவது யாது, இழப்பது யாது என்பதனைப் பெல்லியின் குறுகிய வாழ்வே தெளிவாகக் காட்டுகின்றது.

கூட்டெனாய் மக்கள் றொக்கி மலைத்தொடரை அடுத்து, தம் பெயர் தாங்கிய ஆற்றின் பள்ளத்தாக்குகளில் வாழ்பவர். இரு முனையும் நீர்மட்டத்திற் கூராக நீண்டிருக்கும் மரப்பட்டைத் தோணிகள் அவர்தம் கைத்திறனுக்குச் சான்றாகும். அவர்தம் மொழியோ அயலிலுள்ள எம்மொழியோடும் உறவின்றித் தனித்து நிற்பது.

1807ஆம் ஆண்டில் டேவிட் தொம்சன் அந்நாட்டில் வணிக மனையொன்றை நிறுவினார். அதன்பின் மென்மயிர்த் தோல் வணிகம் அங்கு வேரூன்றிற்று. 1825ஆம் ஆண்டில் ஹட்சன் குடாக் கம்பனியின் ஆளுநர் ஜோர்ஜ் சிம்சன் ஸ்போக்கேன், கூட்டெனாய்த் தலைவர்களைச் சந்தித்து, கல்வி பயிற்றுதற்கெனச் சிறுவர் இருவரைப் பெற்றுச் சென்றார். பெற்ற பிள்ளையைப் பனிமலைக்கு அப்பால் அனுப்புதல் எளிய செயலன்று. புதிய அறிவு தம் குலத்துக்கும் கிட்டவேண்டும் என்னும் வேட்கையும், வணிகரது நட்பை நாடிய நோக்கமும் தலைவர்களை இதற்கு இசைவித்தன எனல் பொருந்தும்.

சிறுவர் சென்றடைந்த இடம், இன்று வின்னிப்பெக் நகரம் அமைந்துள்ள செவ்வாற்றுக் குடியேற்றமாகும். 1818ஆம் ஆண்டில் இலங்கையிலே தொண்டு தொடங்கிய சேர்ச் மிஷனரி சங்கமே அங்கும் பள்ளி நடத்திற்று. கம்பனியின் இலண்டன் தலைவர் பெல்லி, துணைத்தலைவர் கேரி ஆகியோரின் பெயர்கள் சிறுவர்க்குச் சூட்டப்பட்டன. 1827ஆம் ஆண்டில் இருவரும் திருமுழுக்குப் பெற்றனர். ஆங்கிலமும் பிரெஞ்சும் கிறீ மொழியும் வழங்கிய அவ்வூரிற் பெல்லியின் தாய்மொழி வழக்கில் இல்லை. உடன் சென்ற கேரியின் தாய்மொழியும் வேறே. ஆகவே, ஒரே ஊரவர்போற் கருதப்பட்ட அவ்விருவருள்ளும் பெல்லியின் தனிமை பெரிதாயிருந்தது.

1829ஆம் ஆண்டில் இருவரும் தாயகம் மீண்டு, தாம் கற்றவற்றை மக்களுக்கு எடுத்துரைத்தனர். அதன் பயனாக மறு ஆண்டில் மேலும் ஐந்து சிறுவர் அவர்களோடு செவ்வாறு சென்றனர். அச்சிறுவருள்ளும் ஒருவன் கூட்டெனாய் குலத்தவன். ஆனால் 1831ஆம் ஆண்டிற் பெல்லி அங்கேயே இறந்தான். துயரச் செய்தியோடு கேரி மட்டும் மலை கடந்து திரும்பினான்.

பெல்லி நீண்ட நாள் வாழ்ந்திருப்பின் கேரியைப் போலத் தன் மக்களுக்காகப் பிறமொழியில் வாதாடியிருத்தல் கூடும். அதற்குக் காலம் இடங்கொடுக்கவில்லை. எஞ்சியது அவன் பெயரே. அதன் முற்பாதி அவனை ஈன்ற குலத்துக்குரியது. பிற்பாதி அவன் கண்டிராத வணிகர் ஒருவருக்குரியது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே அவன் வாழ்ந்த வாழ்வாகும்.